ஆபரேஷன் செய்தால் பூனைப் பாவம் வந்து சேருமா?

மும்பை சயான் கோலிவாடா பக்கம், மூன்றாவது மாடியில் ஒரு ஒன் ரூம் கிச்சன் வீட்டிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை மாற்றிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீட்டில் கணவர், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் வாங்கிய பெர்ஷியன் பெண் பூனைக்கு இப்போது இரண்டு வயது. போன வருடம் முதல் ஈற்றில் நான்கு குட்டி. ஒன்றை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டு, மூன்றை நாற்பதாவது நாளில் ஏழாயிரம் ரூபாய் வீதம் விற்றிருக்கிறார்கள். கணவருக்கு வேலை நிலையாக இல்லாத சமயம் அது. அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டினார்கள். விற்றதில் ஒரு குட்டி பத்தே நாளில் வாந்தியும் பேதியுமாக இறந்துபோனது. வாங்கியவர் சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிப் போனார். இரண்டாவது ஈற்றிலும் நான்கு குட்டி. முதல் வாரத்திலேயே இரண்டு போய்விட்டன. மீதி இரண்டும் பெண் குட்டிகள், அவற்றுக்கு இப்போது ஏழு வாரம். அவை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வந்து ராத்திரி முழுக்கக் கத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னதைக் கேட்டு, பெண்கள் போடும் கருத்தடை மாத்திரையில் பாதியை மூன்று நாள் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார். கத்தல் கொஞ்சம் அடங்கி மறுபடி தொடங்கியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கணவர் பூனையைத் தூக்கிப் போய் நண்பர் வீட்டு ஆண் பூனையோடு ஒரு நாள் விட்டுக் கூட்டி வந்துவிட்டார்.

வாசகிக்கு இதோடு நிறுத்திவிட வேண்டும் என்றிருக்கிறது. ஆனால் மாமியார், "வாயில்லா ஜீவன் வயித்துல கை வெச்சா அந்தப் பாவம் பேரப்பிள்ளைங்க தலையிலதான் விடியும்" என்கிறாராம். கருத்தடை ஆபரேஷன் பாவமா, ஆபத்தா, மாத்திரையே போதாதா, வீட்டிலேயே குட்டி விற்பது சட்டப்படி தப்பா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "செத்துப்போன அந்த மூணு குட்டிகளுக்கும் நான்தான் காரணமா டாக்டர்?"

சகோதரி, முதலில் அந்தக் கடைசி வரிக்கே பதில் சொல்லிவிடுகிறேன். குட்டிகள் நோயால் இறந்தன. நீங்கள் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. முதல் வாரத்தில் குட்டிகள் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்துச் சினைப்பட்ட தாயின் குட்டிகள் எடை குறைந்து பிறக்கலாம். பெர்ஷியன் போன்ற சில இனங்களில் தாய்க்கும் குட்டிக்கும் ரத்த வகை ஒத்துப்போகாமல், தாயின் சீம்பாலே குட்டிக்கு விஷமாகிவிடுவதும் உண்டு. வாங்கியவர் வீட்டில் இறந்த குட்டி, நீங்கள் எழுதிய அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் பேன்லுகோபீனியா என்ற வைரஸ் நோயால் போயிருக்கும். தடுப்பூசி போடாத குட்டிகளை அது இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். நாற்பது நாளில் அனுப்பிய குட்டிக்குத் தடுப்பூசி போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சின்னதாகக் கொடுத்தால்தான் புது வீட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியல்ல. எட்டு வாரம் வரையாவது, முடிந்தால் பன்னிரண்டு வாரம் வரை தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும் குட்டிதான் கடிக்காமல் பிறாண்டாமல் விளையாடக் கற்றுக்கொள்ளும். இதெல்லாம் அன்றைக்கு உங்களுக்குத் தெரியாது. இனிமேல் தெரியும். அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

அத்தை சொல்லும் பாவம்

உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பேசுவது இரக்கத்தில்தான். பூனையைக் கொன்ற பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. என் பாட்டியும் அப்படித்தான். ஊரில் பாட்டி வீட்டுப் பரணில் வருடத்துக்கு இரண்டு தடவை பூனை குட்டி போடும். குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். மாற்றி மாற்றிக் கடைசியில் எங்கள் வீட்டுக்கே வந்து சேரும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை ஒரு மஞ்சப்பையில் போட்டு, குளத்தங்கரையில் விட்டுவிட்டு வரச் சொல்லி என்னிடம்தான் கொடுப்பார்கள். "பிழைக்கிறது பிழைக்கட்டும்" என்பார் பாட்டி. அவர் கல் நெஞ்சுக்காரர் இல்லை. அன்றைக்கு வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது பின்னாலிருந்து கேட்ட அந்த மெல்லிய கத்தல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மும்பைக்கு வந்து கிளினிக் வைத்த புதிதில் காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாரம் ஒரு அட்டைப்பெட்டியாவது வாசலில் இருக்கும். உள்ளே நான்கைந்து குட்டிகள், கண் திறக்காதவை, எறும்பு மொய்த்தவை. பூனைக்குக் கருத்தடை என்று பேச்செடுத்தால் முகம் சுளிப்பார்கள். இன்று நிலைமை மாறியிருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் பாக்கெட் மணியைச் சேர்த்துக்கொண்டு தெருப் பூனையைக் கூடையில் வைத்து ஆபரேஷனுக்குக் கொண்டு வருகிறார்கள். போன மாதம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தன் பூனையைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்து, "நாம ரெண்டு பெத்துட்டு நிறுத்திக்கிட்டோம், இது மட்டும் ஏன் வருஷம் பூரா பெத்துக்கிட்டே இருக்கணும்" என்றார்.

அந்தக் கேள்வியை உங்கள் அத்தையிடமும் பேசலாம், ஆனால் மடக்குவதற்காக வேண்டாம். அவருக்கே இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகத் தொடங்கிய நாடு இது. அந்தத் தலைமுறைப் பெண்கள் "நாம் இருவர், நமக்கு இருவர்" சுவரொட்டிகளைப் பார்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். அன்றும் பாவம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஒரு சாயங்காலம் டீ குடிக்கும்போது, "அத்தை, அப்போ உங்களை யார் என்ன சொன்னாங்க, நீங்க எப்படி முடிவு பண்ணீங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும். அதன் பிறகு பூனையைப் பற்றிப் பேசுவது எளிதாகிவிடும்.

தாய்மையை அதனிடமிருந்து பறிக்கிறோம் என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பூனை ஆரோக்கியமாக இருக்கும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. பூனை குழந்தைக்கு ஏங்குவதில்லை. பருவத்தில் அது கத்துவதும், தரையில் புரளுவதும், இடுப்பைத் தூக்கிக்கொண்டு வாலை ஒதுக்குவதும் ஹார்மோன் படுத்தும் பாடு. இணை சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அதே அவஸ்தை திரும்பி வரும். பகல் வெளிச்சம் நீளும் மாதங்களில்தான் பூனைகள் பருவத்துக்கு வரும். குளிர் நாடுகளில் அதனால் சில மாதமாவது அவற்றுக்கு ஓய்வு கிடைக்கிறது. நம் ஊர் வெயிலிலும் ட்யூப் லைட் வெளிச்சத்திலும் அந்த ஓய்வும் பெரும்பாலும் இல்லை. நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும், சினைக்காலம் சுமார் 63 நாள்தான், பால் கொடுக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். உங்கள் வீட்டிலேயே இதைப் பார்த்துவிட்டீர்கள்.

மாத்திரையை உடனே நிறுத்துங்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். மனுஷிக்கான கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஹார்மோன்கள் பூனையின் கருப்பைச் சுவரைத் தடிக்க வைக்கும். அதில் கிருமி புகுந்தால் சீழ் கட்டும். மடி கட்டி கட்டியாக வீங்கலாம், சர்க்கரை நோய்கூட வரலாம். பருவத்தை நிறுத்த ஊசி போடலாம் என்று யாராவது சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊசியிலும் இதே வகை ஹார்மோன்தான் இருக்கிறது.

ஐந்து மாதப் பூனைக்கு ஆபரேஷன் செய்யும்போது கருப்பை எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு மெல்லிய கொம்புகள், தீக்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், இளஞ்சிவப்பு நிறம். சீழ் கட்டிய பூனையைத் திறந்தால் அதே கருப்பை புடலங்காய்ப் பிஞ்சு போல முறுக்கிக்கொண்டு வயிறு முழுக்க அடைத்திருக்கும். கை பட்டால் கிழிந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே எடுப்பேன். எல்லாப் பூனையையும் காப்பாற்ற முடிந்ததில்லை.

ஆகவே அடுத்த இரண்டு மாதம் இவற்றைக் கவனியுங்கள்: பின்பக்கம் ஈரமாகவோ நாற்றமாகவோ கசிவு, வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, சாப்பாட்டில் நாட்டமில்லாமல் சுருண்டு கிடப்பது, வயிறு உப்புவது, மடியில் கட்டி. சில பூனைகளுக்குக் கசிவே இல்லாமல் சீழ் உள்ளேயே தங்கிவிடும், அது இன்னும் ஆபத்து. எதைப் பார்த்தாலும் அன்றே டாக்டரிடம் கொண்டு போங்கள். மாத்திரை கொடுத்ததைச் சங்கடப்பட்டு மறைக்காதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்ன

பெரும்பாலும் இணை சேர்ந்தால்தான் பூனைக்குக் கருமுட்டையே வெளிவரும். ஒரு நாள் முழுக்க ஆண் பூனையோடு இருந்தது என்கிறீர்கள், அதனால் சினை பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். மூன்று வாரம் கழித்து ஸ்கேனில் தெரியும். இப்போது உங்கள் முன் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, சினையின் தொடக்கத்திலேயே ஆபரேஷன். கருப்பையோடு கருவும் போய்விடும். இப்படிச் செய்ய மனம் ஒப்பாத டாக்டர்களும் உண்டு, செய்பவர்களும் உண்டு. இரண்டாவது, இந்த ஈற்றையும் போட விட்டு, குட்டிகள் பால் மறந்த பிறகு செய்வது. உடம்பை மட்டும் பார்த்தால் நான் முதல் வழியையே சொல்வேன். ஒரு வருடத்துக்குள் மூன்றாவது சினை. இப்போதே தோளெலும்பு துருத்துகிறது, முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தட்டை முகப் பூனைகளில் குட்டியின் பெரிய தலை சிக்கிச் சிசேரியன் வரை போவதும் அதிகம். ஆனால் அதில் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது என்றால், அத்தையோடு வீட்டில் பெரிய பிளவு வரும் என்றால், கடைசி ஈற்று என்று முடிவு செய்து ஆபரேஷன் தேதியை இப்போதே கிளினிக்கில் எழுதி வையுங்கள். அதற்காக நான் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டேன்.

முதல் வழி என்றால் கணக்கு இப்படி வரும். குட்டிகளை இந்த வாரத்திலிருந்து படிப்படியாகத் தாயிடமிருந்து பிரித்துத் தனி உணவு கொடுங்கள். மடி வற்ற இரண்டு வாரம் போல ஆகும். மடி வற்றினால்தான் ஆபரேஷன் சுத்தமாக நடக்கும். அதற்குள் ஸ்கேன் பார்க்கும் நாளும் வந்துவிடும். பெர்ஷியனுக்கு மூச்சுப்பாதை குறுகலானது. அதனால் ரத்தப் பரிசோதனை செய்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு மயக்கம் கொடுக்கும் இடமாகப் பாருங்கள். அதைத் தைரியமாகக் கேளுங்கள், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு பத்து முதல் பதினான்கு நாள் தையலை நக்கவிடக் கூடாது. அதற்காகக் கழுத்தில் புனல் மாதிரிப் பட்டை போட்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் முறைத்துக்கொண்டிருக்கும் பூனைகள் உண்டு. அவற்றுக்குக் கைக்குழந்தையின் பழைய பனியனை, வால் வெளியே வருகிற மாதிரி வெட்டி மாட்டிவிட்டால் போதும். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். டாக்டர் எழுதித் தரும் மருந்து மட்டும்தான்.

குண்டாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பசி கூடும், உடம்புக்குத் தேவையான சக்தி குறையும், அது உண்மை. தட்டில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்தால் பூனைக்கு மார்புப் புற்றுநோய் வரும் அபாயம் சுமார் 91 சதவீதம் குறைகிறது, ஒரு வயதுக்குள் என்றால் 86 சதவீதம். பூனைகளுக்கு வரும் மார்புக் கட்டிகளில் பத்தில் எட்டு, ஒன்பது புற்றாகவே இருக்கும் என்பதால் இது பெரிய விஷயம். இரண்டு வயதான உங்கள் தாய்ப் பூனைக்கு அந்தப் பலன் ஏறக்குறைய தாண்டிப் போய்விட்டது. கருப்பைச் சீழிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு பெண் குட்டிகளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

விற்பனை, சட்டம், வீட்டுக் கணக்கு

உங்கள் கணவரைக் கெட்டவராகக் காட்டாமல் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்தது. பணமுடை வந்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். அவரோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்கெழுதுங்கள். இருபத்தோராயிரம் வந்தது. ஏழாயிரம் திரும்பிப் போனது. இரண்டாவது ஈற்றில் இறந்த குட்டிகளுக்கு ஒரு ராத்திரி கிளினிக்கில் கட்டியது எவ்வளவு, சினைக்கும் பாலுக்கும் கூடுதலாகத் தீனி எவ்வளவு, குட்டிக்குக் குட்டி பூச்சி மருந்தும் இரண்டு தவணைத் தடுப்பூசியும் ஒழுங்காகப் போட்டிருந்தால் எவ்வளவு, ஒரு சிசேரியன் வந்தால் எவ்வளவு. மிஞ்சுவது என்ன என்று அவரே கூட்டிப் பார்க்கட்டும்.

சட்டத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, செல்லப்பிராணி விற்பனையைத் தொழிலாகச் செய்யும் இடங்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைன் விற்பனைக்கும் இது உண்டு. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் ஈற்றுக்கு ஈற்று விற்றுக்கொண்டிருந்தால் என்றைக்காவது சிக்கல் வரும். 2023-இல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வீட்டுப் பிராணிக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உரிமையாளரின் பொறுப்பு என்கின்றன.

பெர்ஷியன் பூனைகளில் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் இருக்கிறது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரும். சோதிக்காமல் இணை சேர்த்தால், ஆறேழு வயதில் சிறுநீரகம் கெட்டுச் சாகப்போகிற குட்டியை ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையின் கையில் கொடுக்கிறோம். இதை உங்கள் கணவரின் நண்பரிடமும் சொல்லச் சொல்லுங்கள். ஆண் பூனைக்குக் கருத்தடை இன்னும் சின்ன வேலை. வீட்டில் மூலைக்கு மூலை மூத்திரம் பீய்ச்சுவதும், வெளியே ஓடிப்போய்ச் சண்டையில் கடிபட்டு வருவதும் குறையும்.

பில்டிங் கீழே நீங்கள் சோறு வைக்கும் மூன்று தெருப் பூனைகளைச் சாக்கில் கட்டி எங்காவது விட்டுவிடுவோம் என்று சிலர் மிரட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். பிராணியைப் பசியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் சண்டைக்குப் போவதற்கு முன் அந்த மூன்றுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். மும்பை மாநகராட்சி 2019 முதல் தெருப் பூனைகளுக்குக் கருத்தடை செய்துவருகிறது. உங்கள் வார்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். பரேலில் இருக்கும் பழைய விலங்கு மருத்துவமனையிலும் கேட்டுப் பார்க்கலாம். ஆபரேஷன் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும். அப்புறப்படுத்தினால் காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்து அவை குட்டி போடும். ராத்திரிக் கத்தலும் குட்டிகளும் நின்ற பிறகு சொசைட்டிக்காரர்களின் கோபம் தானாகத் தணிவதைப் பல பில்டிங்குகளில் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டுதான். இரண்டு பெண் குட்டிகளையும் முதல் தடுப்பூசிக்குக் கொண்டு போங்கள், அன்றைக்கே தாய்ப் பூனையின் எடையையும் பார்க்கச் சொல்லுங்கள். குட்டிகளை யாருக்காவது கொடுப்பதென்றால் பன்னிரண்டு வாரம் முடிந்து, இரண்டாவது ஊசியும் போட்ட பிறகு கொடுங்கள். விலை வேண்டாம், வாங்குபவரிடம் ஒரு உறுதி மட்டும் கேளுங்கள், ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுவேன் என்று. நாத்தனாருக்குக் கொடுத்த குட்டிக்கு இப்போது ஒரு வயதை நெருங்கியிருக்கும். அது பெண்ணாக இருந்தால் இன்றைக்கே அவருக்கு ஒரு போன் போடுங்கள்.